ஊமைக்காயம் பேசும் மொழி

நுழையும் முன்

ஓடியாடும் பருவத்தில் விழுவதும் எழுவதும் இயல்பு. தோல் கிழிந்து குருதி வெளிப்பட்டால் அனைவரும் பதறுகின்றோம். தோல் கிழியாமல் உள்ளே மட்டும் அடிபட்டால் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பெற்றோர் விடியற்காலையில் தேயிலைக் காட்டிற்கோ ஏலத் தோட்டத்திற்கோ செங்கல் சூளைக்கோ சென்றுவிடும் வீடுகளில், தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் பொறுப்பு மூத்த பிள்ளைகளுடையது. எனவே குழந்தையின் உடலில் தோன்றும் கன்றலை முதலில் காண்பவர் பல வேளைகளில் மாணவராகிய நீங்களே. கண்டதைப் புரிந்துகொள்ளவும், செய்ய வேண்டியதைச் செய்யவும், சொல்ல வேண்டியவரிடம் தெளிவாகச் சொல்லவும் இப்பாடம் துணைபுரியும்.

ஊமைக்காயம் என்பது யாது?

தோல் கிழியாமல், அதன் அடியிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் உடைவதால் உண்டாகும் காயமே ஊமைக்காயம். குழாயினின்று வெளிப்பட்ட குருதி வெளியேற வழியின்றித் திசுக்களுக்கு இடையே தேங்கி நிற்கிறது. அதனால் இதனை இரத்தக்கட்டு என்றும் வழங்குவர். அடிபட்ட இடம் நிறம் மாறுவதைக் கன்றுதல் என்கிறோம். வாய் திறந்து பேசாத காயம் ஆதலின் ஊமைக்காயம் எனப் பெயர் பெற்றது போலும். ஆயினும் நிறம், இடம், எண்ணிக்கை, காலம் ஆகிய நான்கினாலும் அது நமக்குச் செய்தி சொல்கிறது.

நிறம் மாறுவது ஏன்?

அடிபட்டவுடன் அவ்விடம் செந்நிறமாகத் தோன்றும். ஓரிரு நாள்களில் கருநீலமாகும். பிறகு பச்சையும் இளமஞ்சளும் கலந்து, இறுதியில் பழுப்பாகி மறையும். பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் தோல் பழைய நிறத்திற்குத் திரும்பிவிடும்.

இந்நிறங்களுக்குக் காரணம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் நிறமி. குழாயை விட்டு வெளியேறிய சிவப்பணுக்களை உடலின் துப்புரவு அணுக்கள் விழுங்கிச் சிதைக்கின்றன. ஹீமோகுளோபின் சிதைந்து முதலில் பிலிவெர்டின் என்னும் பச்சை நிறமியாகிறது. அது பின்னர் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியாகிறது. மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிரூபின்தான். எஞ்சிய இரும்புச்சத்து பழுப்பு நிறமியாகச் சில நாள் தங்கும். ஆகவே மஞ்சள் நிறத்தைக் கண்டு, காயம் சீழ்ப்பிடித்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. உடல் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்வதன் அடையாளம் அது.

நிறத்தை மட்டும் கொண்டு காயம் பட்ட நாளைத் துல்லியமாகக் கூற இயலாது. அடிபட்டு 18 மணி நேரம் ஆகும் முன் மஞ்சள் நிறம் தோன்றுவதில்லை என 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. மற்ற நிறங்கள் ஆளுக்கு ஆள், இடத்திற்கு இடம் வேறுபடும்.

கருநிற, மாநிறத் தோலில் நீலமும் பச்சையும் எளிதில் புலப்படா. அத்தகைய தோலில் கண்ணை மட்டும் நம்பாமல் கையாலும் அறிதல் வேண்டும். பகல் வெளிச்சத்தில் இரு கைகளையோ இரு கால்களையோ ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம், சூடு, கட்டித் தன்மை, தொட்டால் வலி ஆகியவை கன்றலைக் காட்டிக் கொடுக்கும்.

கைக்குழந்தைகளின் இடுப்பிலும் புட்டத்திலும் பிறவியிலேயே நீலச்சாம்பல் திட்டுகள் சில வேளை காணப்படும். நம் நாட்டுக் குழந்தைகளிடம் இவை மிகுதி. இவை அடிபட்ட காயங்கள் அல்ல. வலியோ வீக்கமோ இரா. நாள்தோறும் நிறம் மாறா. வளர வளர மங்கிவிடும்.

எங்கே தோன்றுவது இயல்பு?

நடக்கும் குழந்தை முன்புறமாக விழும். எனவே முழங்கால், கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பு, முழங்கை, நெற்றி, முகவாய் ஆகிய எலும்பு துருத்திய இடங்களில் கன்றல் தோன்றுவது இயல்பு. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் சரிவான தோட்டப் பாதைகளிலும், லயங்களின் கற்படிகளிலும் விளையாடும் பிள்ளைகளின் கால்களில் இத்தகைய தழும்பு இல்லாத நாளே இராது.

அமெரிக்காவில் 3 வயதுக்குட்பட்ட 973 குழந்தைகளை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். நடக்கத் தொடங்கிய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கன்றல் இருந்தது. ஆனால் 6 மாதத்திற்குக் குறைந்த 366 குழந்தைகளில் இருவரிடம் மட்டுமே அது காணப்பட்டது. தவழவும் நிற்கவும் தொடங்காத குழந்தை தானாக மோதிக்கொள்வது அரிது. எனவே கைக்குழந்தையின் உடலில் கன்றல் கண்டால், அது எவ்வளவு சிறிதாயினும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிறு குழந்தைகளின் காது, கழுத்து, கன்னம், மார்பு, வயிறு, முதுகு, புட்டம் ஆகிய இடங்களில் தோன்றும் கன்றலும் கவனத்திற்குரியது. இவை விழும்போது எளிதில் அடிபடும் இடங்கள் அல்ல.

50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும் என 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. காப்பகத்திலிருந்து வந்த தம்பியின் உடலில் புதிய கன்றல் இருப்பின், பகலில் என்ன நேர்ந்தது என்பதை மறுநாள் பெற்றோர் வழியாக அங்குள்ள பணியாளரிடம் கேட்டறிவது நல்லது. குற்றம் சாட்டுவதற்காக அன்று, காரணத்தை அறிவதற்காக.

வீட்டில் செய்யும் முதலுதவி

முதலில் குழந்தையை அமர வைத்து ஆறுதல் சொல்லுங்கள். காயம் பட்ட இடத்தில் தோல் கிழிந்துள்ளதா எனப் பாருங்கள். கிழிந்திருந்தால் தூய நீராலும் சோப்பாலும் கழுவித் தூய துணியால் மூடுங்கள். கிழியவில்லை எனில் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

1. குளிர்ந்த ஒத்தடம். குளிர்ச்சி, உடைந்த குழாய்களைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும், வலியையும் தணிக்கும். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். வெறும் பனிக்கட்டியைத் தோலின்மேல் வைத்தால் தோல் புண்ணாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இதற்குத் தடையில்லை. மூணாற்றில் குழாய்த் தண்ணீரே போதிய அளவு குளிர்ந்திருக்கும். வேனிலில் வெப்பம் 40 பாகையைத் தொடும் பாலக்காட்டில் மண்பானைத் தண்ணீர் உதவும். துணியை நனைத்துப் பிழிந்து வைத்து, சூடேறியதும் மீண்டும் நனைக்க வேண்டும். முதல் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை இவ்வாறு செய்யலாம்.

2. ஓய்வும் உயர்த்தலும். அடிபட்ட கையையோ காலையோ தலையணையின்மேல் சற்று உயர்த்தி வையுங்கள். குருதி தேங்குவது குறையும்.

3. இரண்டு நாள்களுக்குப் பின் வெந்நீர் ஒத்தடம். கசிவு நின்ற பிறகு இளஞ்சூடான ஒத்தடம் கொடுத்தால் குருதியோட்டம் பெருகித் தேங்கியது விரைவில் கரையும். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் சோதித்துப் பாருங்கள்.

செய்யத்தகாதவை

நம் வீடுகளில் பரம்பரையாக வரும் மருத்துவ முறைகள் பல. அவை அன்பினால் செய்யப்படுபவை. எனினும் காலம் தவறிச் செய்தால் தீங்காகும்.

நெற்றி புடைத்தவுடன் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பது வழக்கம். அழுத்தித் தேய்த்தால் உடைந்த குழாய்கள் மேலும் உடையும், புடைப்பு பெரிதாகும். விளக்கெண்ணெய், முறிவெண்ணெய் போன்றவற்றைக் கொண்டு முதல் நாளிலேயே நீவிவிடுவதும் அத்தகையதே. எலும்பு முறிந்திருந்தால் நீவுதல் பெருந்துன்பம் தரும். புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்துச் சுடச்சுடப் பற்றுப் போட்டால், கன்றலோடு தீப்புண்ணும் சேர்ந்துகொள்ளும். இரத்தக்கட்டை ஊசியால் குத்தியோ கீறியோ வெளியேற்ற முயலக் கூடாது. உள்ளே கிருமி புகுந்துவிடும்.

மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கலாகாது. அது குருதி உறைவதற்கு உதவும் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கிறது. பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதும் தவறு.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டியவை

தலையில் அடிபட்ட குழந்தை மயங்கினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, எழுப்ப இயலாதபடி உறங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலோ மூக்கிலோ நீரோ குருதியோ வடிந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. இரு கண்களைச் சுற்றியோ காதின் பின்புறமோ கருநீலம் படர்வதும் தீய அறிகுறி. தலையில் அடிபட்ட குழந்தையை முதல் 24 மணி நேரமும் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

மிதிவண்டியின் கைப்பிடி வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே சிறு கன்றலே தெரியினும் உள்ளுறுப்புகள் அடிபட்டிருக்கலாம். கை கால் வளைந்து தோன்றுதல், அசைக்கவோ ஊன்றவோ இயலாமை, வீக்கம் கல்லைப்போல் இறுகி வலி பெருகுதல், விரல்கள் வெளிறி மரத்துப்போதல், கண்ணில் அடிபட்டுப் பார்வை மங்குதல் ஆகியவற்றிற்கும் மருத்துவமனையே வழி.

ஏலத் தோட்டத்திலோ புதரிலோ விளையாடிய பிள்ளையின் காலில் விரைந்து ஏறும் வீக்கமும் கருமையும் தோன்றினால் அது வெறும் ஊமைக்காயம் அன்று, விரியன் பாம்பின் கடியாகவும் இருக்கலாம். பல்லின் தடம் தெரியாமலும் போகலாம். கயிற்றால் கட்டாமலும் கீறாமலும், அந்தக் காலை அசைக்காமல் விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அவசர ஊர்திக்கு எண் 108.

காரணமின்றித் தோன்றும் கன்றல்

விழாமலும் மோதாமலும் உடலெங்கும் கன்றல்கள் தோன்றினால் குருதியிலேயே குறை இருக்கக்கூடும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் டெங்குவாக இருக்கலாம். கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை அப்புள்ளிகளின்மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மறையாவிடில் அது தோலுக்கடியில் கசிந்த குருதி. அன்றே மருத்துவரைக் காண வேண்டும். காய்ச்சல் நீங்கிய சில வாரங்களுக்குப் பின்னரும் தட்டணுக்கள் குறைந்து கன்றல்கள் தோன்றுவது உண்டு. வெளிறிய முகம், சோர்வு, விடாத காய்ச்சல், ஈறுகளில் குருதி ஆகியவை உடன் இருந்தால் குருதிப் பரிசோதனை இன்றியமையாதது.

ஹீமோஃபிலியா என்னும் குருதி உறையாமை நோய் பிறவியிலேயே வருவது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குவது. உறைவதற்குத் தேவையான புரதங்களுள் ஒன்று குறைவாக இருப்பதே இதன் காரணம். தவழத் தொடங்கும் பருவத்திலேயே பெரிய கன்றல்கள் தோன்றும், மூட்டுகள் வீங்கும், பல் விழுந்த இடத்தில் குருதி நிற்காது. குறைந்த புரதத்தை ஊசி வழியாக ஈடுசெய்ய இயலும். கேரள அரசின் ஆசாதாரா திட்டம் இந்நோயாளர்களின் சிகிச்சைக்கு உதவுகிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இம்மருந்து வழங்கப்படுகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 17ஆம் நாள் உலக ஹீமோஃபிலியா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மறைக்க வேண்டாத காயம்

விளையாட்டில் பட்ட காயத்தை எவரும் மறைப்பதில்லை. பிறர் அடித்ததனால் உண்டான காயத்தையோ சில பிள்ளைகள் அச்சத்தாலும் நாணத்தாலும் மறைத்துவிடுகின்றனர். பிரம்பு, பெல்ட், விரல்கள் ஆகியவற்றின் வடிவத்திலேயே தோன்றும் தழும்பு, தான் எவ்வாறு வந்தது என்பதைத் தானே சொல்லிவிடும். அடிபட்ட பிள்ளை குற்றவாளி அன்று. பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துள்ளது. வீட்டிலோ வேறிடத்திலோ துன்பம் நேர்ந்தால் நீங்கள் நம்பும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். உங்கள் தோழருக்காகவும் நீங்கள் அழைக்கலாம்.

இரு மொழிகளுக்கு நடுவே

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கும் மலையாளம் பேசும் செவிலியருக்கும் நடுவே மொழிபெயர்ப்பவர் பிள்ளைகளே. இரு மொழிகளிலும் ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் வழங்கும் சொற்கள் சில உள. பின்வரும் உரையாடலைப் படியுங்கள்.

தாய்: சிஸ்டர், பையன் படியில விழுந்துட்டான். கை முறிவா இருக்குமோன்னு பயமா இருக்கு.
செவிலியர்: முறிவு எவிடெயா? சோர வந்நோ?
அக்காள்: முறிவில்ல சிஸ்டர். ஒடிவாணோ என்னு அம்ம சோதிக்குந்நு. கையில் நீருண்டு.

தாய் முறிவு என்றது எலும்பு முறிதலை. மலையாளத்தில் முறிவு என்றால் தோல் கிழிந்த காயம். ஆதலால் செவிலியர் குருதி வந்ததா எனக் கேட்டார். அக்காள் ஒடிவு என்ற சொல்லால் தாயின் அச்சத்தைச் சரியாக உணர்த்தினாள். அவள் குறுக்கிட்டிராவிட்டால் செவிலியர் இல்லாத வெட்டுக்காயத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

அறிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

மலையாளம் – தமிழ்
சதவு – ஊமைக்காயம், கன்றல்
முறிவு – வெட்டுக்காயம், கிழிந்த காயம்
ஒடிவு – எலும்பு முறிவு
நீரு – வீக்கம்
வேதன – வலி
பனி – காய்ச்சல்
தலகறக்கம் – தலைச்சுற்றல்
சர்த்தி – வாந்தி
சோர – குருதி

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை ஐந்து: எப்போது, எவ்வாறு, எங்கே, எத்தனை, அதன்பின் என்ன மாற்றம்.

எடுத்துக்காட்டு: தம்பிக்கு வயது 4. நேற்று மாலை 5 மணிக்குக் கற்படியில் விழுந்தான். இடக்கையின் மணிக்கட்டுக்கு மேலே ஒரு கன்றல் உள்ளது. குளிர்ந்த துணியால் ஒத்தடம் கொடுத்தோம். இரவில் வீக்கம் மிகுந்தது. இன்று காலை முதல் கையை அசைக்க மறுக்கிறான்.

சொல்லும் பொருளும்

கன்றுதல் – அடிபட்டு நிறம் மாறுதல்
தேங்குதல் – ஓடாது தங்குதல்
நிறமி – நிறம் தரும் பொருள்
ஒத்தடம் – துணி முதலியவற்றை வைத்து எடுத்தல்
புடைப்பு – மேலெழுந்த வீக்கம்
பற்று – தோலின்மேல் பூசும் மருந்துக் குழம்பு
லயம் – தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு

இலக்கணம் அறிவோம்

செம்மை, கருமை, வெம்மை, தண்மை முதலிய பண்புப் பெயர்கள் மற்றொரு பெயரோடு சேரும்போது ‘ஆகிய’, ‘ஆன’ என்னும் உருபுகள் மறைந்து வருவது பண்புத்தொகை.

செந்நிறம் = செம்மை + நிறம்
கருநீலம் = கருமை + நீலம்
வெந்நீர் = வெம்மை + நீர்
தண்ணீர் = தண்மை + நீர்

தமிழில் ‘கன்று’ என்னும் ஒரு சொல் பசுவின் இளமையையும், மரத்தின் இளஞ்செடியையும், அடிபட்டு நிறம் மாறுதலையும் குறிக்கும். மூன்று பொருளிலும் தனித்தனி வாக்கியம் அமைக்க.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. கன்றல் மஞ்சள் நிறமாவதற்குக் காரணம்
(அ) சீழ் (ஆ) பிலிரூபின் (இ) மஞ்சள் பூச்சு (ஈ) வெயில்

2. அடிபட்ட முதல் நாளில் தர வேண்டியது
(அ) வெந்நீர் ஒத்தடம் (ஆ) எண்ணெய் நீவல் (இ) குளிர்ந்த ஒத்தடம் (ஈ) புளிப்பற்று

3. மலையாளத்தில் ‘நீருண்டோ?’ என மருத்துவர் கேட்பது
(அ) தண்ணீர் உள்ளதா (ஆ) வீக்கம் உள்ளதா (இ) காய்ச்சல் உள்ளதா (ஈ) வலி உள்ளதா

4. குழந்தைகள் உதவி எண்
(அ) 108 (ஆ) 1951 (இ) 1098 (ஈ) 973

ஆ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.

1. ஊமைக்காயம் எவ்வாறு உண்டாகிறது?
2. புடைப்பை அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஏன்?
3. மாநிறத் தோலில் கன்றலை அறியும் வழிகள் யாவை?
4. பிறவி நீலத்திட்டையும் கன்றலையும் எவ்வாறு வேறுபடுத்தலாம்?

இ. சிந்தித்து விடை எழுதுக.

1. ஐந்து மாதத் தங்கையின் கன்னத்தில் சிறு கன்றலைக் காண்கிறீர். அண்டை வீட்டார், “இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா?” என்கின்றனர். நீர் என்ன செய்வீர்? காரணம் தருக.
2. உடன் பயிலும் மாணவன் ஒருவன் கடும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறான். அவன் கையில் வரி வரியாகத் தழும்புகளைக் கண்டீர். அவனிடம் என்ன பேசுவீர்? யாரிடம் சொல்வீர்?
3. மிதிவண்டியிலிருந்து விழுந்த தோழிக்கு வயிற்றில் சிறு கன்றல் மட்டுமே உள்ளது. ‘வலி இல்லை’ என்கிறாள். என்ன செய்ய வேண்டும்?

ஈ. செயல்பாடு

1. உங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள தோட்ட மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை ஆகியவற்றின் தொலைவையும் பேருந்து நேரத்தையும் கேட்டறிந்து ஓர் அட்டையில் எழுதுக. அதில் 108, 1098 ஆகிய எண்களையும் சேர்த்து, வீட்டுச் சுவரில் அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுக.
2. உங்கள் பாட்டியோ தாத்தாவோ ஊமைக்காயத்திற்குச் செய்யும் வீட்டு மருத்துவத்தைக் கேட்டு எழுதுக. அதனை எந்த நாளில் செய்தால் நன்று, எந்த நாளில் தவிர்க்க வேண்டும் என இப்பாடத்தோடு ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.
3. தாய், மருத்துவர், மொழிபெயர்க்கும் பிள்ளை என மூவராக நடித்து, ‘அறிந்துகொள்ள வேண்டிய சொற்கள்’ பகுதியில் உள்ள சொற்களைப் பயன்படுத்தி ஓர் உரையாடல் நிகழ்த்துக.